முதுசொமும் வழக்கேடும்: மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்துக் குடும்பப் பதிவுகள்

ஒரு நாட்டு மக்களின் வரலாற்றை அறிய விழைவோர் முதலிற் கல்வெட்டையும் செப்பேட்டையும் நாடுவர். அடுத்து ஏட்டுச் சுவடிகளை நாடுவர். அரசர் அளித்த கொடையையும் கோவிலுக்கு விட்ட நிலத்தையும் அவை உரைக்கும். ஆயின், அந்நிலத்தை உழுதவன் இறந்தபின் அது யார் கைக்குச் சென்றது, அவன் மனையாள் எவர் வீட்டில் வாழ்ந்தாள், மக்கள் எவ்வாறு பங்கிட்டுப் பிரிந்தனர் என்னும் வினாக்களுக்கு அவற்றில் விடை கிடைத்தல் அரிது. அவ்விடையைத் தரவல்ல ஏடுகள் பிறிதோரிடத்தில் உள்ளன. நீதிமன்றப் பதிவறைகளில் நூலாற் கட்டுண்டு தூசி படிந்து கிடக்கும் வழக்குக் கட்டுகளே அவை.

இக்கூற்று இலங்கையின் ஏனைய பகுதிகளைக் காட்டிலும் மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்துக்கு மிகவும் பொருந்தும். யாழ்ப்பாணத்துத் தேசவழமை ஒல்லாந்தர் காலத்திலேயே, 1707 ஆம் ஆண்டளவில், கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரியால் எழுத்துருவிற் தொகுக்கப்பெற்றது. 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதியால் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலுவளித்தனர். முஸ்லிம் மக்களின் மரபுரிமை விதிகளும் அதே 1806 ஆம் ஆண்டில் ஒரு கோவையாக ஏற்கப்பட்டன. மட்டக்களப்பில் வழங்கிய முக்குவர் சட்டத்துக்கோ அத்தகைய பேறு வாய்க்கவில்லை. அரசு ஒப்பிய கோவை எதுவும் அதற்கு எழவில்லை. ஊர்ப் பெரியோர் வாய்மொழியில் அது வாழ்ந்தது. பிணக்கு நேர்ந்தபோது நீதிமன்றத்திற் சாட்சியாக உரைக்கப்பட்டு எழுத்தில் ஏறியது. ஆதலின் இப்பிரதேசத்தின் சட்ட நூல் யாதெனின், அதன் வழக்கேடுகளே என்று கூறுதல் மிகையாகாது.

குடியும் முதுசொமும்

ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுடைய மட்டக்களப்பு வாவி இப்பிரதேசத்தை இரண்டாக வகுக்கின்றது. கடலை அடுத்த கரை எழுவான்கரை. மேற்கே வயல்கள் விரிந்த கரை படுவான்கரை. இவ்விரு கரையிலும் வாழும் மக்களிடையே குடி என்னும் பிரிவு தொன்றுதொட்டு நிலவி வருகின்றது. உலகிப்போடி குடி, காலிங்கா குடி, பணிக்கனார் குடி என்றாற்போன்ற பெயர்கள் யாவரும் அறிந்தவை. ஒருவன் எக்குடியினன் என்பதைத் தீர்மானிப்பது அவன் தாயின் குடி. இத்தாய்வழித் தொடரை வயிற்றுவார் என மக்கள் அழைப்பர். ஒரே குடியினர் தம்முள் மணவுறவு கொள்ளுதல் முறையன்று. முக்குவரோடு அயல்வாழும் வேளாளர் முதலிய சமூகத்தாரும் முஸ்லிம் மக்களும் இக்குடிமுறையைக் கைக்கொண்டமை ஈண்டுக் கருதத்தக்கது.

முக்குவர் சட்டம் சொத்தை வகைப்படுத்திக் கண்டது. முன்னோர் வழியாய் வந்தது முதுசொம். ஒருவன் தன் உழைப்பால் ஈட்டியது தேடிய தேட்டம். தேட்டம் அவன் பெற்ற மக்களைச் சேரும். முதுசொமோ அவன் மக்களுக்குச் செல்லாது, உடன்பிறந்தார்க்கும் உடன்பிறந்தாளின் மக்களுக்கும் செல்லும். தந்தையின் முதுசொத்தை இழந்த அவன் மக்கள், தம் தாய்வழி மாமனின் முதுசொத்துக்கு உரியராவர். ஆகவே எவரும் வெறுங்கையராய் விடப்படவில்லை. சொத்துச் சென்ற வழி வேறு என்பதே உண்மை. கேரளத்தின் மருமக்கத்தாய முறையோடு இதனை ஒப்பிட்டு நோக்குவார்க்கு இரண்டன் உறவும் எளிதிற் புலப்படும்.

ஒரு தவறான எண்ணத்தையும் ஈண்டுக் களைதல் வேண்டும். இலங்கைத் தமிழர் யாவரும் தேசவழமைக்கு உட்பட்டோர் எனப் பலர் கருதுகின்றனர். தேசவழமை யாழ்ப்பாண மாகாணத்துத் தமிழர்க்கெனத் தொகுக்கப்பட்டது. மட்டக்களப்புத் தமிழர் அதன் ஆட்சிக்கு உட்பட்டவரல்லர்.

1876 ஆம் ஆண்டின் திருப்பம்

1876 ஆம் ஆண்டு இப்பிரதேச வரலாற்றில் இரு காரணங்களால் நினைக்கத்தக்கது. அவ்வாண்டில் இயற்றப்பெற்ற 15 ஆம் இலக்க விவாக உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம், கண்டியச் சிங்களவர், முஸ்லிம்கள், வட மாகாணத்துத் தமிழர் ஆகியோரை விலக்கி, எஞ்சியோர் யாவரையும் ஒரு பொதுச் சட்டத்தின் கீழ்க் கொணர்ந்தது. விலக்குப் பெற்றோர் வரிசையில் மட்டக்களப்பு முக்குவர் இடம்பெறவில்லை. 1877 ஆம் ஆண்டு யூன் 29 ஆம் நாள் அச்சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, முக்குவர் சட்டம் தன் ஆட்சியை இழந்தது. இறந்தவரின் சொத்திற் பாதி வாழ்க்கைத் துணைக்கும், எஞ்சிய பாதி ஆண் பெண் வேற்றுமையின்றி மக்களுக்கும் உரியதென்பது புதிய விதி. மருமக்கள் என்னும் சொல்லுக்கு அதில் முன்னுரிமை இல்லை.

அதே ஆண்டிலே கிறித்தோபர் பிரித்தோ என்னும் தமிழ் அப்புக்காத்து, மட்டக்களப்பு நீதிமன்ற வழக்குகளைத் துணைக்கொண்டு முக்குவர் மரபுரிமை விதிகளை ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். யாழ்ப்பாண வைபவமாலையை 1879 இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் இவரே. ஒரு சட்டம் மடியும் ஆண்டில் அதற்கு நூல் பிறந்தமை வியப்புக்குரியது. பிரித்தோ அந்நூலுக்கு வேண்டிய செய்திகளை வழக்கேடுகளிலே தேடினார் என்பதே நாம் கருதவேண்டியது. வழக்கேடுகள் இல்லாதிருந்தால் அந்நூலும் இல்லை.

இனி, சட்டம் மாறியதும் மக்கள் வழக்கம் மாறிவிட்டதா? இல்லை. முதுசொம் மருமகனைச் சேரும் முறை மறைந்தது. பெண்வழி உரிமையோ சீதனம் என்னும் உருவில் நிலைபெற்றது. வீடும் வளவும் வயலும் மகளுக்குத் திருமணக் காலத்தில் உறுதி எழுதிக் கொடுக்கப்படுகின்றன. மணமகன் மனைவியின் இல்லத்திற் சென்று வாழ்கின்றான். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே அக்கரைப்பற்றில் 1969 ஆம் ஆண்டு முதல் ஆராய்ந்து 2008 இல் வெளியிட்ட பெருநூல் இதனை விரிவாய் எடுத்துரைக்கின்றது. கேரளத்தில் கூட்டுக் குடும்ப முறையை ஒழித்த சட்டம் நடைமுறைக்கு வந்தது 1976 இல். மட்டக்களப்பு அம்மாற்றத்தை நூறாண்டு முன்னரே கண்டது. அந்நூறாண்டு வேற்றுமையால், இங்கே பழைய முறையை நினைவிற்கொண்டோர் எவரும் இன்று உயிரோடில்லை. ஏடுகள் மாத்திரமே உள.

பதிவுகள் இருக்குமிடங்கள்

குடும்பப் பதிவுகளைத் தேடுவோர் மூன்று இல்லங்களின் கதவைத் தட்டுதல் வேண்டும்.

முதலாவது நீதிமன்றம். 1833 ஆம் ஆண்டின் நீதிப் பட்டயம் இலங்கையில் மாவட்ட நீதிமன்றங்களை நிறுவியது. மரணசாதன வழக்குகள், இறந்தவர் ஆதனத்தை நிர்வகிக்கும் வழக்குகள், மணமுறிவு, பிள்ளைகளின் பாதுகாவல், மகவேற்பு, காணிப் பங்கீடு ஆகியன மாவட்ட நீதிமன்றத்துக்குரியன. 1978 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க நீதித்துறைச் சட்டம் குடும்ப நீதிமன்றம் எனத் தனியொரு மன்றத்தை வகுத்தது. பின்னர் அதன் அதிகாரம் மாவட்ட நீதிமன்றத்தோடு இணைந்தது. ஆகவே குடும்ப நீதிமன்றம் என்னும் பெயரைத் தேடி அலைவது வீண்முயற்சி. மனைவி மக்களின் தாபரிப்பு வழக்குகள் மாத்திரம் நீதவான் நீதிமன்றத்திலும், முஸ்லிம் மக்களின் மணமுறிவு முதலியன 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டத்தின்படி காதி நீதிமன்றத்திலும் விசாரிக்கப்படுகின்றன.

இரண்டாவது காணிப் பதிவகம். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்பின் காணி மாற்றங்கள் நொத்தாரிசு முன்னிலையிற் சாட்சிகளோடு எழுதப்படல் வேண்டும் என்றாயிற்று. அவ்வுறுதிகளின் சுருக்கம் காணிப் பதிவேட்டில், காணிக்கொரு பக்கமாக, தொடர்ச்சியாய் எழுதப்படும். சீதன உறுதி, நன்கொடை உறுதி, விற்பனை உறுதி ஆகிய யாவும் அங்கே வரிசையாய் நிற்கும்.

மூன்றாவது பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவகம். பிறப்பையும் இறப்பையும் நாடெங்கும் பதியும் முறை 1867 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தோடு தொடங்கியது. பிரதேச செயலகத்திலே பிரதி பெறலாம். அதற்கு முற்பட்ட காலத்துக்குக் கிறித்தவக் குடும்பத்தினர் திருச்சபை ஏடுகளை நாடலாம்; மெதடிஸ்த மிசனரியான வில்லியம் ஓல்ட் 1814 இல் மட்டக்களப்புக்கு வந்தமை நினைவிற்கொள்ளத்தக்கது.

இம்மூன்றுக்கும் அப்பால் நிற்பது கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களம். ஒல்லாந்தர் ஆட்சி ஏடுகளும் ஆங்கிலேயர் காலத்து அரசாங்க ஏடுகளும் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. மட்டக்களப்பில் 1784 முதல் 1794 வரை ஒல்லாந்தத் தலைவராயிருந்த யாக்கோப் பேர்ணாந்து தமக்குப் பின்வந்தவர்க்கு எழுதிவைத்த குறிப்பு, அக்காலத்து நிலவுரிமையையும் வேளாண்மையையும் அறிய விரும்புவார்க்குப் பெருந்துணை புரியும்.

பெயரைத் தேடுவதா, நிலத்தைத் தேடுவதா?

தேடற்குரிய முறையிலேயே இப்பிரதேசத்துக்குரிய தனித்த இடர் தோன்றுகின்றது. வழக்குப் பதிவேடுகள் வழக்காளி, எதிரி ஆகியோரின் பெயரால் அமைவன. தமிழர் பெயரின் முன்னே நிற்பது தந்தை பெயர். மணமான பெண்ணின் முன்னே பெரும்பாலும் கணவன் பெயர் நிற்கும். குடியோ தாய்வழியது, அது பதிவேட்டின் தலைப்பில் இடம்பெறுவதில்லை. ஆதலின் தந்தை, பாட்டன், பூட்டன் எனப் பெயர்வழியே ஏறிச் செல்பவன் தன் குடும்பத்து நிலத்தின் வரலாற்றைக் காணாது திரும்புவான்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பித்துக்கொள்வோம். படுவான்கரையில் ஒரு போடியார் 1860 அளவில் இறந்தார் என்க. அவர் முதுசொம் வயல் அவர் தங்கையின் மகனுக்குச் சென்றது. அம்மருமகனின் பெயர்க்கு முன்னே நிற்பது போடியாரின் பெயரன்று. அவன் தந்தையின் பெயர். பங்குபற்றிப் பிணக்கு எழுந்து வழக்கு நடந்திருப்பின், பதிவேட்டில் இருவர் பெயரும் ஒருவருக்கொருவர் அந்நியர்போலவே தோன்றும். போடியாரின் பெயரை மாத்திரம் அறிந்த பேரன் அவ்வழக்கைக் கண்டும் தன்னுடையதென அறியான். இனி, அப்பேரன் இன்று குடியிருக்கும் வளவோ அவன் மனைவிக்குச் சீதனமாய் வந்தது. அதன் வரலாறு மனைவியின் தாய், தாயின் தாய் என மேலேறும். அவ்வரிசையிற் பெயர்கள் தலைமுறைதோறும் மாறும். நிலத்தின் பெயரோ மாறுவதில்லை.

ஆகவே மட்டக்களப்பிலே பெயரைப் பின்பற்றாது நிலத்தைப் பின்பற்றுக என்பது தேடுவோர்க்குரிய முதல் விதி. வயலின் பெயர், வட்டையின் பெயர், நான்கு எல்லைகள் ஆகியவற்றை வீட்டிலுள்ள உறுதியினின்று எடுத்துக்கொண்டு காணிப் பதிவேட்டில் அதன் பக்கத்தைக் காணல் வேண்டும். அங்கிருந்து உறுதி இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் கிடைக்கும். காணி வழக்குக்குள்ளாகியிருப்பின், தீர்ப்பின் குறிப்பும் வழக்கிலக்கமும் அப்பக்கத்திலேயே பதியப்பட்டிருத்தல் கூடும். வழக்கிலக்கம் கையில் வந்தபின் நீதிமன்றப் பதிவறையில் தேடுதல் எளிதாகும்.

இரண்டாவது விதி, வீட்டு முதியவரிடம், குறிப்பாகப் பாட்டியரிடம், தாய்வழிப் பெயர்களைத் தலைமுறை வரிசையாய்க் கேட்டெழுதுதல். மூன்றாவது, 1877 ஆம் ஆண்டை எல்லையாகக் கொண்டு, குறித்த நிகழ்ச்சி அதற்கு முற்பட்டதா பிற்பட்டதா எனத் தெளிதல். இரண்டு காலத்துக்கும் சொத்துச் செல்லும் நெறி வேறு. நான்காவது, ஆட்சி எல்லைகள் மாறியமையை மறவாதிருத்தல். அம்பாறை மாவட்டம் 1961 இல் வகுக்கப்பட்டது. அதற்கு முன் கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் ஆகிய பகுதிகள் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்தனவாதலின், அங்குள்ளோரின் பழைய ஏடுகள் மட்டக்களப்பில் இருத்தலும் கூடும்.

காணிப் பங்கீட்டு வழக்குகள் தனியே குறிப்பிடத்தக்கவை. 1863 இலிருந்து இதற்கெனச் சட்டமுண்டு. 1951 இலும் 1977 இலும் அது புதுக்கப்பட்டது. பங்கீடு கோருவோர் தம் உரிமையின் வம்சாவளியை மன்றிற்கு முன்வைத்தல் வேண்டும். மூன்று நான்கு தலைமுறையின் பெயர்களை உறவுமுறையோடு காட்டும் மரம்போன்ற வரைபு அக்கட்டினுள் இருக்கும். குடும்ப வரலாறு எழுதுவார்க்கு இதனினும் சிறந்த செல்வம் யாது?

விண்ணப்பஞ் செய்தல்

வழக்குக் கட்டினைப் பார்வையிடவும் உறுதிப்படுத்திய பிரதி பெறவும் அந்நீதிமன்றத்தின் பதிவாளரிடம் எழுத்தில் விண்ணப்பித்தல் வேண்டும். வழக்கிலக்கம், ஆண்டு, இருதிறத்தார் பெயர், வேண்டப்படும் ஏடு, வேண்டுவோர்க்கு அவ்வழக்கோடுள்ள தொடர்பு ஆகிய ஐந்தும் விண்ணப்பத்தில் தெளிவாயிருத்தல் நன்று. தீர்ப்பு மாத்திரம் வேண்டுமா, சாட்சியங்களும் வேண்டுமா என்பதையும் குறித்தல் வேண்டும். கட்டு முழுவதற்கும் கேட்டால் செலவும் காலமும் பெருகும். வழக்கறிஞர் ஒருவர் வாயிலாக விண்ணப்பிப்பதே பெருவழக்கு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் நீதிமன்றங்களின் அலுவலகங்களையும் பொது அதிகார சபைகளுள் அடக்குகின்றது என்பதையும் அறிந்திருத்தல் பயனுடைத்து.

ஏடு அழிந்திருப்பின் மனந்தளர வேண்டா. மேன்முறையீடு செய்யப்பட்ட வழக்காயின் உயர் நீதிமன்றத் தீர்ப்பு அச்சிட்ட சட்ட அறிக்கைத் தொகுதிகளில் இருத்தல் கூடும். சேர் பொன்னம்பலம் இராமநாதன் தொகுத்த அறிக்கைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பழைய வழக்குகளுக்குத் துணைசெய்வன.

மகவேற்பு, பாதுகாவல், மணமுறிவு ஆகியவற்றின் ஏடுகள் உயிரோடுள்ளோரின் அந்தரங்கத்தைச் சார்ந்தன. ஆராய்ச்சி விருப்பம் அவற்றைத் திறக்கும் திறவுகோலாகாது. உரியவர் தாமே வேண்டுதலும், மன்றின் அனுமதியைப் பெறுதலுமே நெறி.

ஏட்டை எடைபோடல்

கிடைத்த ஏட்டை அப்படியே மெய்யெனக் கொள்ளுதலும் பிழை. வழக்கேடு பிணக்கின் குழந்தை. வழக்காளி காட்டும் வம்சாவளியில் எதிரியின் பாட்டி விடுபட்டிருத்தல் கூடும். எதிரி காட்டுவதில் வழக்காளியின் தாய் அக்குடியினளே அல்லள் எனப்படலாம். இரண்டையும் ஒப்பிட்டு, காணிப் பதிவேட்டோடும் இறப்புப் பதிவோடும் பொருத்திப் பார்த்தே முடிவு கூறல் வேண்டும். மேலும், சண்டையிட்ட குடும்பங்களே நீதிமன்றஞ் சென்றன. ஒற்றுமையாய்ப் பங்கிட்டு வாழ்ந்த பலநூறு குடும்பங்கள் அங்கே தடம் விட்டுச் செல்லவில்லை. வழக்கேட்டை மாத்திரம் படிப்பவனுக்கு முன்னோர் யாவரும் கலகக்காரராய்த் தோன்றுவர்.

சாட்சியம் தமிழிற் கூறப்பட்டு ஆங்கிலத்தில் எழுதப்பட்டமையும் கருதத்தக்கது. குடி, வயிற்றுவார், மருமக்கள் என்னும் சொற்கள் மொழிபெயர்ப்பில் தம் நுண்பொருளை இழந்தன. அண்ணன் மகனும் தங்கை மகனும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் வழங்கப்படுவர். முக்குவர் சட்டத்திலோ ஒருவன் உரியவன், மற்றவன் உரிமையற்றவன். இவ்வொரு சொல்லின் மயக்கத்தால் ஒரு வயலின் வரலாறே தலைகீழாய்ப் படிக்கப்படுதல் கூடும். ஆதலின் இவ்வேடுகளை ஆராய்தற்கு இம்மண்ணின் உறவுமுறையை அறிந்த தமிழ் மாணவரே பெரிதும் தகுதியுடையர்.

அழிவும் கடமையும்

இவ்வேடுகள் என்றும் நம்மோடிருக்கும் என்பதற்கு உறுதி யாதுமில்லை. உப்பங்காற்றும் கறையானும் நாடோறும் தம் தொழிலைச் செய்கின்றன. 1978 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் நாட் சூறாவளியும், 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலையும், 1983 முதல் 2009 வரை நீடித்த போரும் இப்பிரதேசத்தின் வீடுகளை அழித்தபோது, பெட்டகங்களில் இருந்த உறுதிகளும் சான்றிதழ்களும் வீடுகளோடு அழிந்தன. பிறப்புச் சான்றிதழை இழந்த பிள்ளை பாடசாலையில் இடர்ப்பட்டது. உறுதியை இழந்த விதவை தன் சீதனக் காணியைத் தனதென்று நிறுவ இயலாது தவித்தாள். காணாமற்போனோரின் குடும்பத்தினர்க்கு மரணப் பதிவுக்கென 2010 இல் ஒரு தற்காலிகச் சட்டமும், காணாமைச் சான்றிதழுக்கென 2016 இல் அதன் திருத்தமும் இயற்றப்பட்டன. இறந்தார் எனக் கூற மனம் ஒவ்வாத தாய், இல்லை என மாத்திரம் கூறும் ஒரு தாளைப் பெற்றுத் தன் குடும்பக் கருமங்களை நடத்த வேண்டிய நிலை அத்திருத்தத்தின் பின்னணியில் உள்ளது. பதிவு என்பது பழம்பொருளாராய்ச்சிக்கு மாத்திரம் உரியதன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

எனவே ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டிலுள்ள உறுதிகளின் இலக்கம், நாள், நொத்தாரிசின் பெயர், காணியின் பெயர் ஆகியவற்றை ஓர் ஏட்டிற் குறித்து, தாய்வழிப் பெயர்களைத் தன்னால் இயன்ற தலைமுறைவரை எழுதிவைப்பானாக. மூலத்தை வீட்டார் காக்கட்டும். இலக்கங்களின் பிரதி வேறோரிடத்தில் இருக்கட்டும். உறுதி அழிந்தாலும் இலக்கம் இருந்தால் பதிவகத்தில் மீண்டும் பெறலாம். இலக்கமும் அழிந்தால் நிலம் ஊமையாகிவிடும்.

வி. சீ. கந்தையா அவர்கள் 1964 இல் மட்டக்களப்புத் தமிழகம் என்னும் நூலை வெளியிட்டு இந்நாட்டின் கலைச்செல்வத்தைக் காத்தளித்தார். எவ். எக்ஸ். சி. நடராசா அவர்கள் 1962 இல் மட்டக்களப்பு மான்மியத்தைப் பதிப்பித்து ஏட்டுச் சுவடியை அச்சேற்றினார். அவர்கள் வழியில் எஞ்சியுள்ள பணி, வழக்கேடுகளில் உறங்கும் குடும்ப வரலாற்றை எழுப்புதலே. கோட்டையை ஆண்ட போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஆகியோரின் பெயர்களைப் பாடநூல்கள் காத்துக்கொள்ளும். ஒரு வயலைத் தன் மகளுக்குக் கொடுத்துவிட்டுக் கைநாட்டிட்ட ஒரு மூதாட்டியின் பெயரைக் காக்க வேண்டியவர் அவள் வயிற்றுவாரில் வந்தோரே.